புறம்போக்கில் நிற்கும் தொல்லியல் சின்னங்கள்: சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபு நடைகளிலும், பள்ளித் தொன்மை மன்றக் கூட்டங்களிலும், ஊர்ப் பெரியவர்களுடன் பேசும்போதும் திரும்பத் திரும்ப எழுகின்ற ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். தமிழ்நாட்டுக்குப் பொருந்தும் மத்திய, மாநிலச் சட்டங்களை ஒட்டியே விடைகள் அமைந்துள்ளன.

தொல்லியல் சின்னங்களைக் காக்க ஒரே சட்டம்தானே இருக்கிறது?

இல்லை. முதன்மையாக நான்கு சட்டங்கள் உள்ளன. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று மத்திய அரசு அறிவித்த சின்னங்களையும் தொல்லியல் இடங்களையும் 1958-ஆம் ஆண்டின் பழமையான நினைவுச் சின்னங்கள் மற்றும் தொல்லியல் இடங்கள், எச்சங்கள் சட்டம் காக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை அதை நடைமுறைப்படுத்துகிறது. அந்தப் பட்டியலில் இல்லாதவற்றுள் மாநில அரசு அறிவித்தவற்றை 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் காக்கிறது. அதற்குப் பொறுப்பு, 1961-இல் தொடங்கப்பட்ட மாநிலத் தொல்லியல் துறை. மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் பொருளுக்கு 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் பொருந்தும். எடுத்துச் செல்லக்கூடிய சிலை, ஓவியம், சுவடி போன்றவற்றின் பதிவு, விற்பனை, ஏற்றுமதி ஆகியவற்றை 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

இந்தப் பிரிவினைக்கு அடிப்படை அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை மத்தியப் பட்டியலிலும், மற்ற நினைவுச் சின்னங்கள் மாநிலப் பட்டியலிலும், மற்றத் தொல்லியல் இடங்கள் பொதுப் பட்டியலிலும் வைக்கப்பட்டுள்ளன. நம் பண்பாட்டு மரபைப் போற்றிக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 51அ பிரிவு சொல்வதையும் இதனுடன் சேர்த்தே படிக்க வேண்டும்.

நூறு ஆண்டுக்கு மேல் பழையது என்றாலே அது பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிடுமா?

ஆகாது. நூறாண்டு என்பது தகுதிக்கான வரம்பு மட்டுமே. பாதுகாப்பு கிடைக்க வேண்டுமானால் அரசிதழில் அறிவிக்கை வெளிவர வேண்டும். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மத்திய அரசு முதலில் தன் நோக்கத்தை அறிவித்து, அதன் படியைச் சின்னத்துக்கு அருகில் பலரும் காணும்படி ஒட்டி, இரண்டு மாதம் ஆட்சேபங்களைக் கேட்டு, பிறகே உறுதியாக அறிவிக்கும்.

நாடு முழுவதும் மத்தியப் பட்டியலில் உள்ளவை ஏறத்தாழ 3,700. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளவை நானூறுக்குச் சற்று மேல். ஒரே வட்டத்துக்குள் எத்தனை கற்திட்டைகள் (கற்பலகைகளால் அமைத்த ஈமச் சின்னங்கள்), கல்வட்டங்கள், நடுகற்கள் (இறந்த வீரருக்கு நாட்டிய நினைவுக் கற்கள்), தாழிக்காடுகள் (இறந்தோரைப் பெரிய மண்தாழிகளில் இட்டுப் புதைத்த இடங்கள்) கிடக்கின்றன என்பதைக் களத்தில் நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லை. இந்தப் பக்கத்தின் பாதிக்கு மேற்பட்ட கேள்விகள் இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கின்றன.

எங்கள் ஊர் நடுகல் புறம்போக்கில் நிற்கிறது. பட்டியலிலும் இல்லை. அப்படியானால் அதை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாமா?

எடுக்க முடியாது. புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது; அது தவறு. புறம்போக்கு அரசின் சொத்து. வண்டிப்பாதையாக இருந்தாலும், ஏரி உள்வாயாக இருந்தாலும், பாறை, கரடு, மந்தைவெளி என எப்படிப் பதிவாகியிருந்தாலும், அங்கே அனுமதியின்றித் தோண்டுவதும் வேலி போடுவதும் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் வரும். அங்கே நாட்டப்பட்ட கல்லைப் பெயர்த்துக் கொண்டு போவதைத் திருட்டாகவும், உடைப்பதைப் பொதுச் சொத்துக்கு விளைவித்த சேதமாகவும் காவல் துறை பதிவு செய்ய இயலும். காப்புக்காடாக இருந்தால் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் வனத்துறையின் காவலும் சேர்ந்துகொள்கின்றன.

ஆக, பட்டியலில் இல்லாத சின்னத்துக்கு முதல் அரண் அது நிற்கும் நிலம்தான். ஆகவே, கல்லின் காலம் என்ன என்று ஆராய்வதற்கு முன்பே அது எந்தப் புல எண்ணில் நிற்கிறது என்று அறிந்து வைக்குமாறு எல்லோரிடமும் வலியுறுத்துகிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டிலும் கிராம வரைபடத்திலும் அந்த எண், பரப்பு, நிலத்தின் வகைப்பாடு ஆகிய மூன்றையும் பார்த்துவிடலாம். புகார் மனுவில் “ஊருக்கு வடக்கே, புளியமரத்துக்குப் பக்கத்தில்” என்று எழுதினால் அது அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும். புல எண்ணை எழுதினால் யார் பொறுப்பு என்பது அன்றே தெரிந்துவிடும்.

ஒரு சின்னம் மத்தியத் துறை வசமா, மாநிலத் துறை வசமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அங்கே உள்ள அறிவிப்புப் பலகையில் எந்தச் சட்டம் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 1958 என்றால் மத்தியத் துறை. 1966 என்றால் மாநிலத் துறை. பலகை விழுந்துவிட்டாலோ எழுத்து அழிந்துவிட்டாலோ இரு துறைகளும் வெளியிட்டுள்ள பட்டியல்களைப் பாருங்கள். மத்தியத் துறைக்குத் தமிழ்நாட்டில் சென்னை வட்டம் நெடுங்காலமாக உள்ளது; 2020-இல் திருச்சி வட்டமும் உருவாக்கப்பட்டது.

100 மீட்டர், 300 மீட்டர் என்று சொல்கிறார்களே, அது என்ன கணக்கு?

1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அது. மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. கோபுரத்திலிருந்தோ கருவறையிலிருந்தோ அளக்கக் கூடாது; பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லைக்கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். பெரிய மதில் உள்ள கோயில்களில் இந்த வேறுபாடு பல வீடுகளின் தலைவிதியை மாற்றிவிடும்.

முதல் பகுதியில் புதிய கட்டுமானத்துக்கு இடமே இல்லை. இரண்டாம் பகுதியில், தகுதியுள்ள அலுவலரிடம் விண்ணப்பித்து, தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையுடன் அனுமதி பெற்ற பிறகு கட்டலாம். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இந்த 2010 திருத்தம் மாநிலப் பட்டியலில் உள்ள சின்னங்களுக்கு அப்படியே பொருந்தாது. அவற்றுக்கு மாநிலச் சட்டமும் அதன் விதிகளுமே அளவுகோல்.

எங்கள் பூர்விக வீடு அந்த 100 மீட்டருக்குள் இருக்கிறது. மழைக்கு ஒழுகும் கூரையைக்கூட மாற்றக் கூடாதா?

மாற்றலாம், ஆனால் அனுமதி பெற்று மாற்ற வேண்டும். தடை செய்யப்பட்ட பகுதிக்குள் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடங்களைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வீடு அந்த நாளுக்கு முன்பே இருந்தது என்பதைக் காட்ட வீட்டு வரி ரசீது, பழைய மின் இணைப்பு ஆவணம், பத்திரம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பழுதுபார்ப்பு என்ற பெயரில் இன்னொரு மாடி எழுப்புவது பழுதுபார்ப்பு ஆகாது.

பொதுக் கழிப்பிடம், சாக்கடை, பொதுமக்களுக்கான குடிநீர், மின்சாரம் போன்ற பணிகளைச் சட்டம் கட்டுமானம் என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்துள்ளது. சின்னம் இருப்பதால் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய்கூட வராது என்று சொல்லப்படுவது சரியன்று. இந்த அச்சம்தான் பல ஊர்களில் மக்களைச் சின்னத்துக்கு எதிராகத் திருப்பியிருக்கிறது. துறையினர் ஊருக்குள் வந்து இதை விளக்கியிருந்தால் பாதிப் பகை எழுந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

ஏரி தூர்வாரும்போது சாமி சிலை கிடைத்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் மண்வெட்டியையும் பொக்லைனையும் நிறுத்த வேண்டும். சிலை பாதி வெளியே தெரிந்தால் பாதியிலேயே விட்டுவிடுங்கள்; இழுக்காதீர்கள். ஐம்பொன் சிலைகளைப் பெரும்பாலும் தனியாகப் புதைக்க மாட்டார்கள். பீடம், திருவாசி, பூசைப் பாத்திரம், செப்பேடு என்று கூடவே மற்றவையும் இருக்கும். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காகத் தோண்டியபோது செப்புத் திருமேனிகளுடன் தேவாரப் பதிகங்கள் பொறித்த செப்பேடுகளும் கூட்டமாக வெளிப்பட்டன. அவசரப்பட்டு இழுத்தால் ஏடு மடங்கி உடையும். எது எதன்மேல் இருந்தது என்ற தகவலும் போய்விடும்.

அடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் சொல்ல வேண்டும். புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். பொருள் என்ன, எங்கே கிடைத்தது, எந்த நாளில் கிடைத்தது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதற்குப் பிணை தர வேண்டும். 1878-இல் வைத்த அந்தப் பத்து ரூபாய் வரம்பு சட்டத்தில் இன்னும் அப்படியே இருப்பதால், ஒரு பழங்காசு கிடைத்தாலும் தெரிவிப்பதே முறை.

கழுவாதீர்கள். எலுமிச்சையோ புளியோ போட்டுத் தேய்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் மண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் பத்தூர் வழக்கு பற்றிய விடையில் கீழே சொல்லியிருக்கிறேன்.

கண்டெடுத்தவருக்கு ஏதாவது பங்கு உண்டா? அல்லது எல்லாமே அரசுக்குத்தானா?

பங்கு உண்டு. ஆட்சியர் அறிவிக்கை வெளியிட்டு, உரிமை கோருவோர் நான்கு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மிகாமலும் உள்ள ஒரு நாளில் வந்து சொல்லும்படி அழைப்பார். நூறு ஆண்டுக்குள் தாமோ தம் முன்னோரோ புதைத்தது என்று யாராவது நம்பத் தகுந்த முறையில் கோரினால், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக அவருக்கு வாய்ப்புத் தரப்படும். அப்படி யாரும் இல்லையென்றால் பொருள் உரிமையாளர் அற்றது என்று அறிவிக்கப்படும். பிறகு, நிலத்துக்குரியவருக்கும் கண்டெடுத்தவருக்கும் வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்குரியவருக்கு எஞ்சிய பங்கும் என்பது சட்டத்தின் கணக்கு.

வரலாற்று மதிப்புள்ள பொருளாக இருந்தால் அரசே அதை எடுத்துக்கொள்ளலாம். அப்போது உரியவர்களுக்கு அந்தப் பொருளின் உலோக மதிப்பையும் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துத் தர வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் நீங்கள் காணும் பல சிலைகள் இந்த வழியில் வந்து சேர்ந்தவையே. உலோக மதிப்பு என்ற அளவுகோல், கள்ளச் சந்தை தருவதாகச் சொல்லும் தொகைக்குப் பக்கத்தில் மிகச் சிறியது. நேர்மையாக ஒப்படைத்தவருக்கு உரிய தொகையும் ஊரறிந்த மரியாதையும் காலத்தோடு கிடைக்கச் செய்வது அரசின் கையில்தான் இருக்கிறது.

சொல்லாமல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

அவருக்கு வரவேண்டிய பங்கு அரசுக்குப் போய்விடும்; அதோடு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தெரிந்தே உடந்தையாக இருந்த நில உரிமையாளருக்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. வழிபாட்டுத் தலத்திலிருந்து சிலையைத் திருடினால் நிலைமை வேறு: 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா அதற்கு ஏழு ஆண்டு வரை தண்டனை விதிக்கிறது.

பத்தூர் நடராசரின் கதை இதற்குச் சான்று. 1976-இல், அன்றைய தஞ்சை மாவட்டத்தின் பத்தூரில், பாழடைந்த விசுவநாதசுவாமி கோயிலுக்கு அருகே மண் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளியின் கையில் அது கிடைத்தது. ஆட்சியருக்குத் தகவல் போகவில்லை. கை மாறிக் கை மாறி இலண்டன் சென்று, 1982-இல் அந்நகரக் காவல் துறையிடம் சிக்கியது. 1988-இல் இலண்டன் நீதிமன்றத்திலும் 1991-இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமாக வந்த பிறகே அது நாடு திரும்பியது. அந்த வழக்கில், சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் அதே இடத்தில் கிடைத்த மற்றச் சிலைகளின் மண்ணும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. பளபளவென்று தேய்த்து வைத்திருந்தால் அந்தச் சான்று அழிந்திருக்கும்.

எங்கள் ஊர்ச் சாமியை எங்கள் கோயிலிலேயே வைத்துக் கும்பிடக் கூடாதா? ஏன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போகிறார்கள்?

இந்தக் கேள்வியில் உள்ள வலி நியாயமானது. இந்தியச் சட்டத்தில் தெய்வம் சொத்துரிமை உள்ள சட்டநபர். பாழடைந்த கோயிலும் தன் சிலைக்காக வழக்காடலாம் என்பதை இலண்டன் நீதிமன்றமே பத்தூர் வழக்கில் ஏற்றது. ஆகவே, கிடைத்த சிலை இன்ன கோயிலுக்கு உரியது என்று கல்வெட்டாலோ, பழைய சொத்துப் பதிவேட்டாலோ, நிழற்படத்தாலோ காட்ட முடிந்தால், இந்து சமய அறநிலையத் துறை வழியாக ஆட்சியரின் விசாரணையில் உரிமை கோர வேண்டும். விசாரணைக்கு முன்னரே ஊரார் சிலையைப் பூட்டி வைத்துக்கொண்டால் அந்த உரிமை வலுப்படாது, பலவீனப்படும்.

ஒன்றைத் தவறாமல் செய்யுங்கள்: உங்கள் கோயிலில் இன்று இருக்கும் ஒவ்வொரு திருமேனியையும், முன்னும் பின்னும், பீடத்து எழுத்தும் தெரியும்படி படமெடுத்து, உயரத்தையும் குறித்து வையுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல்லாண்டுகளுக்கு முன் எடுத்த நிழற்படங்களே வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருந்த பல தமிழகச் சிலைகளை அடையாளம் காட்டின.

தரையில் கிடக்கும் பானை ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது என்கிறீர்களே, அது மிகையில்லையா?

மிகையில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து சிற்பம், படிமம், கல்வெட்டு போன்ற பொருளை அகற்றுவது, அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் தோண்டுவது ஆகியவை சட்டப்படி குற்றம். ஓடு விஷயத்தில் சட்டத்தைவிட முக்கியமான காரணமும் உண்டு. கீறல் எழுத்துள்ள ஒரு கருப்பு-சிவப்பு ஓடு, எந்த மண்ணடுக்கில் எதன் பக்கத்தில் கிடந்தது என்பது தெரிந்தால் வரலாற்றுச் சான்று; தெரியாவிட்டால் வெறும் ஓடு. மழை அரித்து மேலே கிடக்கும் ஓடுகூட, கீழே குடியிருப்பா ஈமக்காடா என்று ஆய்வாளருக்கு வழி காட்டும். பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்துப் படமெடுங்கள், கைபேசியில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஓட்டை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆர்வமுள்ள நாங்கள் சேர்ந்து சிறிய அளவில் தோண்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். அகழாய்வுக்கு உரிமம் வேண்டும். பாதுகாக்கப்படாத இடத்தில் மாநில அரசே தொல்லியல் நோக்கில் தோண்டவோ வேறு ஒருவருக்கு அனுமதி தரவோ விரும்பினாலும் மத்திய அரசின் முன் ஒப்புதல் பெற வேண்டும் என்று 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. அரசுக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால் தனியாருக்கு எப்படி விலக்கு இருக்கும்? ஒருமுறை தோண்டிய குழியை மறுபடி தோண்டி ஆராய முடியாது. மேற்பரப்பாய்வு, பெயர்ப் பட்டியல், வாய்மொழித் தகவல் ஆகியவற்றைத் தொகுப்பதில் ஆர்வலர்களுக்கு வேலை ஏராளமாக இருக்கிறது.

கல்வெட்டு தெளிவாகத் தெரிய மாவு, சுண்ணாம்பு, சாக்பீஸ் பூசலாமா? படியெடுக்கலாமா?

எதையும் பூசக் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அது சிதைப்பாகவே கருதப்படும். மற்ற இடங்களிலும் எழுத்தின் விளிம்பை அரிக்கும். காலை அல்லது மாலை வெயில் சாய்வாக விழும்போது படமெடுத்தாலே பெரும்பாலான எழுத்துகள் தெரிந்துவிடும். இரவில் பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்தால் இன்னும் தெளிவு. தாளும் மையும் கொண்டு படியெடுப்பது பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. திருப்பணியின்போது மணலைப் பீய்ச்சி அடித்துக் கற்சுவரைச் சுத்தம் செய்வது பல கோயில்களில் கல்வெட்டுகளை மழுங்கடித்துவிட்டது; அப்படி நடப்பதைக் கண்டால் அறநிலையத் துறைக்கு அன்றே புகார் அனுப்புங்கள்.

என் பட்டா நிலத்தில் தாழி கிடைத்தது என்று சொன்னால் நிலத்தைப் பிடுங்கிவிட மாட்டார்களா?

தாழிகள் சத்தமின்றி உடைக்கப்படுவதற்கு இந்த அச்சமே முதற் காரணம். பாதுகாக்கப்பட்டது என்று அறிவிப்பதால் மட்டும் நிலத்தின் உரிமை மாறுவதில்லை. பயன்பாட்டுக்கு வரம்புகள் வரும். அரசுக்கு நிலம் தேவையென்றால் முறைப்படி கையகப்படுத்தி இழப்பீடு தர வேண்டும். வெறும் அகழாய்வு என்றால் பெரும்பாலும் அறிவிப்பே வராது. கீழடியில் 2014-15 முதல் மத்தியத் துறையும் 2018 முதல் மாநிலத் துறையும் நடத்திய அகழாய்வுகளில் பெரும்பகுதி தனியார் தென்னந்தோப்புகளில் உரிமையாளர்களின் ஒத்துழைப்போடு நடந்தவை.

உழும்போது தாழி தட்டுப்பட்டால் அந்தச் சிறு பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்ற நிலத்தில் வேலையைத் தொடர்ந்தபடியே தகவல் சொல்லலாம்.

தொல்லியல் துறை எடுத்துக்கொண்டால் கோயிலில் பூசை நின்றுவிடுமா?

நிற்காது. அறிவிக்கும்போது வழிபாடு நடந்துகொண்டிருந்தால் அது தொடரும். தஞ்சைப் பெரிய கோயிலில் கட்டடத்தை மத்தியத் தொல்லியல் துறை பராமரிக்க, அன்றாடப் பூசைகள் இடையறாமல் நடக்கின்றன. அந்த இடத்தின் தன்மைக்கு ஒவ்வாத பயன்பாட்டையும் தூய்மைக் கேட்டையும் தடுக்கும் கடமையைச் சட்டமே துறைமீது சுமத்தியிருக்கிறது.

வீட்டில் தாத்தா காலத்துச் செப்புச் சிலை இருக்கிறது. அதை வைத்திருப்பது குற்றமா? வெளிநாட்டில் உள்ள மகனுக்குக் கொடுக்கலாமா?

வைத்திருப்பது குற்றமில்லை, பதிவு செய்யாமல் வைத்திருப்பதுதான் குற்றம். நூறாண்டுக்கு மேற்பட்ட கல், சுடுமண், உலோகம், தந்தம், மரம் ஆகியவற்றாலான சிற்பங்கள், ஓவியங்கள், படங்கள் வரைந்த சுவடிகள் ஆகியவற்றைப் பதிவு அலுவலரிடம் நிழற்படத்துடன் பதிந்து சான்று பெற வேண்டும். காசுகள் இந்தப் பதிவுப் பட்டியலில் இல்லை. சுவடிகளைப் பொறுத்தவரை அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் ஆகியவற்றில் மதிப்புடையதாக இருந்தால் 75 ஆண்டே வரம்பு. பதிந்த பொருளை வேறொருவருக்குக் கொடுத்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்பொருளை ஏற்றுமதி செய்யும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அமைப்புக்கும் மட்டுமே உண்டு. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படும். சுவாமிமலையில் புதிதாக வார்த்த சிலை என்றால், அது தொல்பொருள் அன்று என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொண்டு விமான நிலையம் செல்லுங்கள்.

காட்டு ஓரம் கிடக்கும் நடுகல்லைப் பாதுகாப்பாக ஊர்க் கோயில் வளாகத்துக்கு மாற்றிவிடலாமா?

நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு முதல் விடை ‘மாற்றாதீர்கள்’ என்பதுதான். நடுகல் நிற்கும் இடமே அதன் செய்தியில் பாதி. ஆநிரை கவர்ந்த வழி எது, பழைய பாதை எது, அதைச் சுற்றி ஈமக்காடு இருக்கிறதா என்பனவற்றை இடம்தான் சொல்லும். உங்களுக்கு அந்தக் கல்லைத் தொட அதிகாரமும் இல்லை. மூன்றாம் கேள்வியில் சொன்னபடி அது அரசின் நிலத்தில் நிற்கும் அரசின் உடைமை.

சாலை விரிவாக்கமோ திருட்டு அச்சமோ உண்மையிலேயே நெருங்கி வந்தால், இருந்த இடத்தை அளந்து, திசை குறித்து, படமெடுத்து, வட்டாட்சியரும் தொல்லியல் அலுவலரும் எழுத்தில் ஒப்பிய பிறகு அரசு அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ மாற்றலாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துள்ள நடுகற்கள் அப்படித்தான் தஞ்சையில் பாதுகாக்கப்படுகின்றன. கிடைத்த ஊரின் பெயர் அவற்றோடு நிலைத்துவிட்டது.

சின்னம் உள்ள மலையைக் குவாரிக்கு ஏலம் விட்டால் தடுக்க முடியுமா?

மலை பாதுகாக்கப்பட்ட இடமாக இருந்தால் அதற்குள் சுரங்கம், கல் உடைப்பு, வெடி எதுவும் கூடாது என்று சட்டம் நேரடியாகவே தடுக்கிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், குகைத்தளமும் கல்வெட்டும் மட்டும் பாதுகாப்பில் இருக்கும்; மலையின் எஞ்சிய பகுதி பாறைப் புறம்போக்காகக் கனிமத் துறையின் கையில் இருக்கும். வெடி அதிர்வு இந்த எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்பதில்லை.

அரிட்டாபட்டி இதற்கு அண்மைச் சான்று. தமிழிக் கல்வெட்டும் சமணர் சிற்பமும் பாண்டியர் குடைவரையும் உள்ள அந்த மதுரை மாவட்ட ஊரில் சுமார் 193 ஹெக்டேர் 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து அதை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிவானபோது, கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றின. 2024 டிசம்பரில் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானித்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை இரத்து செய்தது. தொல்லியல் சட்டத்தின் அறிவிக்கை சில ஏக்கரோடு நின்றுவிடும் இடத்தில், பல்லுயிர்ச் சட்டமும் கிராம சபையும் மலை முழுவதற்கும் அரணாக முடியும் என்பதை அந்த ஊர் மக்கள் செய்து காட்டினார்கள்.

எங்கள் ஊர்ச் சின்னத்தைப் பட்டியலில் சேர்க்க மனு எப்படி எழுதுவது?

மாநிலத் தொல்லியல் துறையின் ஆணையருக்கு எழுதி, மாவட்ட ஆட்சியருக்குப் படி அனுப்புங்கள். வட்டம், கிராமம், புல எண், வகைப்பாடு, பரப்பு, சின்னத்தின் அளவு, நான்கு திசையிலிருந்து எடுத்த படங்கள், கல்வெட்டு ஏற்கெனவே படிக்கப்பட்டிருந்தால் அது வெளியான தொகுதியும் எண்ணும், இப்போது உள்ள ஆபத்து ஆகியவற்றை இரண்டு பக்கத்துக்குள் அடக்குங்கள். கிராம சபைத் தீர்மானத்தின் படியை இணைத்தால் மனுவுக்கு ஊரின் குரல் சேரும். அறிவிக்கைக்குக் காலம் பிடிக்கும் என்பதால், அதே மனுவில் அந்தப் புல எண்ணை எவருக்கும் ஒப்படை செய்யாமலும் குத்தகைக்கு விடாமலும் இருக்கும்படி வருவாய்த் துறையைக் கேட்டுக்கொள்வது மிக முக்கியம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அறிவிக்கை வரும் நேரத்தில் நிலம் கை மாறியிருக்கும்.

மனுக் கொடுத்தும் யாரும் அசையவில்லை. அடுத்து என்ன செய்வது?

திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கை, அந்தப் புல எண்ணின் இன்றைய நிலை, அங்கே குத்தகை விண்ணப்பம் ஏதும் உள்ளதா என்று மூன்றை மட்டும் கேளுங்கள். 30 நாளுக்குள் விடை தர வேண்டும். கிடைத்த விடையும் ஒப்புகைச் சீட்டும் தேதியிட்ட படங்களும் சேர்ந்தால், உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குக்கு உரிய ஆவணம் உங்களிடம் இருக்கிறது என்று பொருள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், தொன்மைச் சின்னங்களையும் கோயில்களையும் காக்க 75 கட்டளைகளைப் பிறப்பித்தது. அந்தத் தீர்ப்பை வழக்கறிஞரிடம் சுட்டிக்காட்டுங்கள்.

சேதம் இப்போதே நடந்துகொண்டிருந்தால் இந்த வரிசைக்காகக் காத்திருக்கக் கூடாது. 100-க்கு அழைத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் புல எண்ணுடன் குறுஞ்செய்தி அனுப்பி, வாகன எண் தெரியும்படி படமெடுங்கள். தனியாகப் போய்த் தகராறு செய்யாதீர்கள். ஊராட்சித் தலைவரையோ வார்டு உறுப்பினரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள்.